பன்னிரண்டு மணி ஊசி

1

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை.

எடுக்க முடியவில்லை! மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கும் கொக்கிக்கும் நடுவே அவர் சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த நேரம் அது.

போன் மறுபடியும் அலறியது.

மூச்சை விட்டார். பேச்சு முறிந்தது. பெல்ட் தொங்கியது.

"ஹலோ... ஸ்டேஷன்..."

"கொன்னுட்டாங்க!" ஒரு பெண் குரல் காதைக் கிழித்தது. "என் தங்கச்சியை ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க!"

"யாரும்மா? எங்கேம்மா?"

"பெரிய ஆஸ்பத்திரி. மூணாவது மாடி. ஐ.சி.யூ. கொன்னவ ஒரு டாக்டர்! கழுத்துல ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கிட்டு இன்னும் என் கண்ணு முன்னாடியே நடமாடறா! பத்து நிமிஷத்துல வந்து சேருங்க. நான் தலைமை ஆசிரியை. உங்க மேலதிகாரியோட பிள்ளைங்க மூணு பேரும் என் ஸ்கூல்லதான் படிக்கறாங்க!"

போன் வைக்கப்பட்டது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். மணி காலை பத்து பத்து.

"ஏட்டம்மா! ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. கொலை!"

ஏட்டம்மா, அதாவது அந்த ஸ்டேஷனின் பெண் ஏட்டு, நிதானமாக எழுந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். எதற்கும் ஓடாத கால்கள்.

"கொலைன்னா முதல்ல விசாரிக்கணுமே சார்?"

"விசாரிச்சுக்கிட்டே அரெஸ்ட் பண்ணுவோம். வாங்க!"

இதனால்தான் ஸ்டேஷனில் அவருக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். பாத்ரூம் கதவுக்கு அந்தப் பக்கம் கான்ஸ்டபிள்கள் பேசியதைக் காதாரக் கேட்டிருக்கிறார். 'அவசர' என்பதில் அவருக்கு வருத்தமே இல்லை. 'குடுக்கை' என்பதுதான் உறுத்தியது. பெல்ட்டைக் குறிவைத்துச் சொல்கிறார்களோ என்று ஒரு சந்தேகம்!

ஐ.சி.யூ வாசலில், கஞ்சி போட்ட புடவையில், தலைமை ஆசிரியை நின்றிருந்தார். ஐம்பது வயது. கையில் பேனா. அந்தப் பேனாவைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"பாடி எங்கேம்மா?"

"பாடியா? உயிர் இருக்கு சார்!"

"போன்ல கொன்னுட்டாங்கன்னு..."

"நீங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? முன்கூட்டியே சொல்லி வெச்சேன்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கிடந்தாள். முப்பத்தெட்டு வயது. வாயில் குழாய். தலைமாட்டில் ஒரு மெஷின் பீப்... பீப்... என்றது. கால்மாட்டில் ஒரு மனிதர், கைக்குட்டையைப் பிழிந்தபடி அழுதுகொண்டிருந்தார். அவளுடைய புருஷன்.

"டிரைவிங் ஸ்கூல் நடத்தறா சார்," என்றார் அக்கா. "ஊரே 'க்ளச் டீச்சர்'னு கூப்பிடும். 'க்ளச்சை மிதி, க்ளச்சை மிதி'ன்னு பதினாறு வருஷமா கத்திக்கிட்டு இருக்கறவ. நேத்து சாயங்காலத்துல இருந்து காய்ச்சல், தலைவலி, வாந்தி. கழுத்தை வளைக்க முடியல. இன்னிக்குக் காலையில அஞ்சரை மணிக்கு இங்க கொண்டு வந்தோம். பேசிக்கிட்டே வந்தா! 'அக்கா, வெளிச்சம் கண்ணைக் குத்துது, திரையை இழு'ன்னு சொன்னா. ஆறு மணிக்கு அந்த டாக்டர் ரெண்டு மூணு ஊசி போட்டா. ஒன்பது மணிக்கு வலிப்பு வந்து, நினைவே போயிருச்சு!"

"ஊசிக்கு முன்னாடி பேச்சு... ஊசிக்கு அப்புறம் வலிப்பு..."

இன்ஸ்பெக்டரின் கண்கள் மின்னின. கேஸ் முடிந்துவிட்டது! அதுவும் காபி கூடக் குடிப்பதற்குள்!

டாக்டரை வரச் சொன்னார். வந்தது ஒரு ஒல்லியான பெண். முப்பது வயது இருக்கலாம். தூக்கம் பார்த்து இரண்டு நாள் ஆன கண்கள்.

"ஊசி போட்டீங்களா?"

"போட்டேன்."

"போட்ட பிறகு மோசமாச்சா?"

"ஆச்சு. சில பேருக்கு அப்படி ஆகும். இது பாக்டீரியாவால வர்ற மூளைக் காய்ச்சல். மூளையைச் சுத்தியிருக்கற உறையில..."

"ஒத்துக்கிட்டாங்க! ஏட்டம்மா, குறிச்சுக்குங்க!"

"நான் என்ன ஒத்துக்கிட்டேன்?" டாக்டர் திகைத்தார்.

"மீதியை ஸ்டேஷன்ல பேசுவோம். அந்த மருந்துத் தட்டுல இருக்கற பாட்டில் எல்லாத்தையும் சீல் பண்ணுங்க. என் உத்தரவு இல்லாம இந்தப் பேஷண்ட்டுக்கு யாரும் ஒரு ஊசி கூடப் போடக் கூடாது! கான்ஸ்டபிள், நீ கட்டில் பக்கத்துலயே நில்லு!"

டாக்டரின் முகம் வெளுத்தது.

"சார்! பன்னிரண்டு மணிக்கு அடுத்த டோஸ் இருக்கு!"

"விஷம் வெக்கறவங்க எல்லாருமே டோஸ் கணக்காத்தான் வெப்பாங்க டாக்டர்!"

சொன்ன வசனம் அவருக்கே மிகவும் பிடித்துப்போனது. திரும்பி ஏட்டம்மாவைப் பார்த்தார்.

ஏட்டம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு," ஹெட் நர்ஸ் குறுக்கே வந்து நின்றார். "அவர் வர்ற வரைக்குமாவது பொறுங்க!"

"சட்டம் பொறுக்காதும்மா!"

சட்டம் பொறுத்திருக்கும். பொறுக்காதது அவர்தான்.

2

ஸ்டேஷன்.

டாக்டர் வக்கீல் கேட்கவில்லை. அழவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றவாளிகள் கதவைப் பார்ப்பார்கள். ஜன்னலைப் பார்ப்பார்கள். கடிகாரத்தைப் பார்க்கிற குற்றவாளியை அவர் இதுவரை கண்டதில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பது.

"ஐம்பது நிமிஷம் லேட்," என்றார் டாக்டர்.

"எதுக்கு?"

"நீங்க சீல் வெச்ச பாட்டில்ல ஒண்ணு ஸ்டீராய்டு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் போடணும். நாலு நாளைக்கு. காலையில ஆறு மணிக்கு முதல் டோஸ். பன்னிரண்டுக்கு ரெண்டாவது."

"கிருமியைக் கொல்லத்தானே?"

"இல்ல சார். கிருமியைக் கொல்ல வேற மருந்து இருக்கு. அதையும்தான் நிறுத்தி வெச்சிருக்கீங்க. ஆனா முதல் ஊசியிலயே அது எக்கச்சக்கமா செத்திருக்கும். செத்த பிறகுதான் வில்லங்கமே!"

"செத்தது எப்படிம்மா வில்லங்கம் பண்ணும்?"

"கிருமி சாகறப்போ வெடிச்சுச் சாகும். அதோட மேல்தோல் துண்டு துண்டாகி மூளைத் தண்ணியில மிதக்கும். உடம்பு அதைப் பார்த்து, பெரிய படையே வந்திருச்சுன்னு பதறும். ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள் எல்லாம் திபுதிபுன்னு உள்ள பூந்துரும். எங்க பாஷையில அதுக்கு அழற்சின்னு பேரு. நல்லதுக்குத்தான் வருது... ஆனா வந்த வேகத்துல எது கிருமி, எது மூளைன்னு பார்க்காது. கையில இருக்கற அமிலத்தை எல்லாம் வீசும். ரத்தக் குழாய் ஒழுக ஆரம்பிக்கும். மூளை வீங்கும்."

"வீங்கினா?"

"மண்டை ஓடு ரப்பரா சார், விரிஞ்சு குடுக்க? உள்ளேயே நசுங்கும். ரத்தம் போகாது. நரம்பு சாகும். காது போகும். ஞாபகம் போகும். உயிரும் போகலாம். காலையில பேசினவங்களுக்கு ஒன்பது மணிக்கு வலிப்பு வந்துச்சே... அந்த வீக்கம்தான்!"

"அப்போ... மூளையைக் கெடுக்கறது கிருமி இல்லையா?"

"கிருமியும்தான். அதுவும் விஷம் கக்கும். ஆனா சேதத்துல பெரிய பங்கு, காப்பாத்த வந்த நம்ம சொந்த ஆளுங்க பண்றது."

"யாரு அந்த ஆளுங்க?"

டாக்டர் அவரை நேராகப் பார்த்தார்.

"உடம்போட போலீஸ், சார்."

ஏட்டம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.

"அந்தப் படையை அடக்கி வெக்கறதுதான் ஸ்டீராய்டோட வேலை," டாக்டரின் குரல் முதல் முறையாக உடைந்தது. "என்னை உள்ள வெச்சுக்குங்க. எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்குங்க. ஊசியை மட்டும் போடச் சொல்லுங்க சார்!"

"கதை விடறீங்களோன்னு..."

"உங்களுக்குத் தெரிஞ்ச வேற ஒரு டாக்டரைக் கேளுங்க!"

இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த ஒரே டாக்டர், போலீசுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்கிறவர். போன் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே எடுத்தார் பிரேத டாக்டர்.

"ஒரு சந்தேகம் டாக்டர். மூளைக் காய்ச்சல் பேஷண்ட்டுக்கு ஸ்டீராய்டு டோஸை நிறுத்தினா..."

மெல்லுவது நின்றது.

"எந்த மடையன்யா நிறுத்தினான்?"

"அது... விசாரணையில இருக்கு."

"அவனைப் பிடிச்சு உள்ள போடு! அந்தப் பொம்பளையை நான் என் டேபிள்ல சந்திக்க விரும்பல. புரியுதா?"

போனை வைத்தார் இன்ஸ்பெக்டர். வியர்வை காலருக்குள் இறங்கியது.

கடிகாரம் ஒன்று இருபது காட்டியது.

"ஏட்டம்மா..." தொப்பியை எடுத்தார். "கட்டில் பக்கத்துல நிக்கற கான்ஸ்டபிளுக்கு போன் போடுங்க. ஊசி போட விடச் சொல்லுங்க!"

"போட்டுப் பார்த்துட்டேன் சார். ஐ.சி.யூக்குள்ள போன் கூடாதுன்னு வெளியில வாங்கி வெச்சுட்டாங்க."

"ஆஸ்பத்திரி நம்பர்?"

"எங்கேஜ்டு. அக்காக்காரம்மா பேசிக்கிட்டு இருப்பாங்க."

"ஜீப்!"

அன்று ஜீப் ஓடவில்லை. பறந்தது! சைரன்தான் ஆறு மாதமாக ஊமை. ஏட்டம்மா தலையை வெளியே நீட்டி வாயாலேயே சைரன் கொடுத்தார். "தள்ளு! தள்ளு! யோவ், லாரி... தள்ளுய்யா!" பின் சீட்டில், மடியில் சீல் வைத்த மருந்து டப்பாவுடன் டாக்டர். அவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டர், சீலைப் பல்லால் கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அரக்கு நாக்கில் ஒட்டியது. துப்பக்கூட நேரமில்லை.

மூன்றாவது மாடி. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியேறினார். இரண்டாவது மாடியில் பெல்ட் தானாகக் கழன்றது. கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கட்டில் அருகே கான்ஸ்டபிள் லத்தியுடன் சிலைபோல் நின்றிருந்தான். எதிரே ஹெட் நர்ஸ், கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்சுடன்.

"பன்னிரண்டுல இருந்து இதே இடத்துல நிக்கறேன்," நர்ஸின் குரல் பனிக்கட்டி. "ஸ்டோர்ல இருந்து வேற பாட்டில் வாங்கிட்டு வந்தேன். உங்க ஆளு லத்தியைக் குறுக்கே நீட்டறான். உங்க உத்தரவாம்!"

"போடுங்க!" இன்ஸ்பெக்டர் கத்தினார். "சீக்கிரம் போடுங்கம்மா!"

மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

ஊசி ஏறியது. டாக்டர் பேஷண்ட்டின் இமையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்...

"என்ன டாக்டர்?"

"இன்னும் இருக்காங்க," என்றார் டாக்டர். அதற்குமேல் அவரிடம் பேச விருப்பமில்லாதவர்போல முதுகைக் காட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். 'உன்னைப் போல ஒரு ஆளு இருந்தா, கிருமிக்கு வேலையே இல்லைடா' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

3

மாலை நான்கு மணிக்கு டாக்டரே கூப்பிட்டார். வெளிச்சப் பலகையில் ஒரு ஸ்கேன் படம் மாட்டியிருந்தது.

"உங்களுக்கு நிஜமான கேஸ் ஒண்ணு தரட்டுமா சார்?"

இன்ஸ்பெக்டர் தயங்கினார். "எனக்கா?"

"மூக்குக்கு மேல, மண்டை ஓட்டோட அடிப்பக்கத்துல... முடி மாதிரி ஒரு கோடு தெரியுதா? விரிசல். ரெண்டு மூணு வாரம் பழசா இருக்கலாம்." டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "உங்க தங்கச்சிக்கு மூணு வாரமா சளின்னு சொன்னீங்களே?"

"ஆமா. தண்ணி மாதிரி ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. குனிஞ்சா குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். நான்கூட ஆவி பிடிக்க வெச்சேன்!"

"அது சளி இல்ல. மூளையைச் சுத்தியிருக்கற தண்ணி. விரிசல் வழியா மூக்குல வடிஞ்சிருக்கு. வெளியில வர்ற வழியிலயே மூக்குல இருந்த கிருமி உள்ள போயிருச்சு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். இதுவரை யாரையும் அதட்டாமல் ஒரு வாக்கியம் பேசியிராத வாய் திறந்தபடியே நின்றது.

"மூளைத் தண்ணிக்கா... நான் தைலம் போட்டேன்?"

"யாருக்கும் தோணாதும்மா. எனக்கே ஸ்கேன் பார்த்த பிறகுதான் தோணுச்சு."

"அப்படின்னா தலையில பலமா அடிபட்டிருக்கு!" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"பட்டிருக்கு. நெத்தியில. விழுந்தாங்களா, யாராவது அடிச்சாங்களா... அதைச் சொல்ல வேண்டியது நீங்க."

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் வராந்தா பக்கம் திரும்பின.

பெஞ்சின் நுனியில் புருஷன். சோபா தைக்கிற தொழிலாளி. சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது ஒரு சுத்தியலின் பிடி!

"இவன்தான்!" அக்கா பாய்ந்தார். "கல்யாணத்தப்பவே சொன்னேன், இவன் மூஞ்சி சரியில்லைன்னு!"

"அக்கா... நான்... அவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா... அவளே சொன்னா..."

4

இன்ஸ்பெக்டர் அந்தப் பாத்ரூமைப் பார்த்தார்.

பாத்ரூமா அது? நிறுத்தி வைத்த சவப்பெட்டிக்குக் குழாய் மாட்டிய மாதிரி இருந்தது! ஒரு வாளி. ஒரு மக். உள்பக்கமாகத் திறக்கும் கதவு. மீதி இடத்தில் ஒரு மனிதர் நிற்கலாம், மூச்சை அடக்கினால்.

"இதுல எப்படி விழுந்தாங்க? காட்டுங்க!"

"எனக்குத் தெரியாது சார். நான் கடையில இருந்தேன். வந்து பார்க்கறப்போ நெத்தி வீங்கியிருந்துச்சு."

"நானே விழுந்து பார்க்கறேன்."

"வேண்டாம் சார்," என்றார் ஏட்டம்மா.

விழுந்து பார்த்தார். விழ முடியவில்லை. பாதியில் சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஆப்பு வைத்த மாதிரி நின்றுவிட்டார். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

"ஏட்டம்மா..."

"சொல்லுங்க சார்."

"ஒரு உண்மை தெரிஞ்சு போச்சு. இதுக்குள்ள யாரும் விழ முடியாது."

"சரி சார்."

"இன்னொரு உண்மையும் தெரிஞ்சு போச்சு. இழுங்க!"

ஏட்டம்மா ஒரு கையையும், கொலைச் சந்தேகத்துக்கு ஆளான புருஷன் இன்னொரு கையையும் பிடித்து இழுத்தார்கள். இரண்டு சட்டைப் பொத்தான்களை இழந்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

வாசலில் க்ளச் டீச்சரின் ஸ்கூட்டர் நின்றது. முன் மட்கார்டு நெளிந்திருந்தது. குனிந்து நகத்தால் சுரண்டினார். மஞ்சள் பெயிண்ட்!

"இது என்ன?"

"தெரியாது சார். நான் ஸ்கூட்டர் ஓட்ட மாட்டேன். அவகிட்டயே நாலு தடவை கத்துக்கிட்டு, நாலு தடவையும் ஃபெயில்!"

பொய் சொன்னது யார்? பெண்டாட்டி பாத்ரூம் என்றாளாம். பாத்ரூமில் விழ முடியாது. அவள் அப்படிச் சொன்னதற்குச் சாட்சி இவன் ஒருவன்தான். கையில் சுத்தியல் பிடிக்கிற தொழில். நெற்றியில் அடி...

இன்ஸ்பெக்டரின் கை பாக்கெட்டுக்குள் போனது. விலங்கின் சில்லென்ற இரும்பு விரலில் பட்டது. புருஷன் கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டியே விட்டார்.

"நான் அவளை அடிக்கல சார். ஆனா நீங்க பிடிச்சுக்கிட்டுப் போனா போங்க. அவ பிழைக்கணும். அவ்வளவுதான்."

அந்த விரல்கள் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போயிருந்தன.

இன்ஸ்பெக்டர் கையை வெளியே எடுத்தார்.

வந்தது கைக்குட்டை!

"கண்ணைத் துடைச்சுக்குங்க," என்று நீட்டினார். "அவங்க கண்ணு முழிக்கட்டும். அவங்க வாயாலயே கேட்டுக்கறேன்."

ஏட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார்... உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

நான்கு நாட்கள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு... டாண் என்று ஐ.சி.யூ வாசலில் நின்றார். அந்த நேரத்துக்கு அவர் இல்லாவிட்டால் போன் வந்தது. "ஊசி போட்டாச்சாம்மா?"

மூன்றாம் நாள் ஹெட் நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"சார், நீங்க வர்றதுக்கு முன்னாடியே இந்த ஆஸ்பத்திரியில கடிகாரம் இருந்துச்சு. போய் உங்க வேலையைப் பாருங்க!"

"இதுதான்மா என் வேலை," என்று முணுமுணுத்துவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

5

ஐந்தாம் நாள் காலை. க்ளச் டீச்சர் கண் விழித்தாள்.

வாயில் குழாய் இல்லை. புருஷனைப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஒட்டுமொத்த வார்டுக்கும் கேட்கிற சத்தத்தில்! புருஷன் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக் குலுங்கினார்.

டாக்டர் இன்ஸ்பெக்டரைத் தனியாக அழைத்தார்.

"கை கால் நல்லா இருக்கு. பேச்சு, ஞாபகம் எல்லாம் இருக்கு. விரிசலை அடைக்க ஒரு ஆபரேஷன் பண்ணணும். ஆனா இடது காது போயிருச்சு. அதனாலதான் கத்திப் பேசறாங்க."



"அது... அந்த ரெண்டு மணி நேரத்தாலயா டாக்டர்?"



"அதனாலதான்னு சொல்ல மாட்டேன். இந்த நோய்க்கு எல்லாம் சரியா பண்ணினாலும் காது போறது உண்டு. அதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். யாராலயும் சொல்ல முடியாது. நீங்க தெரியாமலேயே இருக்க வேண்டியதுதான்."

பதினோரு வருட சர்வீஸில் இதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிபதியும் வாசித்து அவர் கேட்டதில்லை. தலையை ஆட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலின் வலது பக்கமாகப் போய் நின்றார்.

அக்கா ஏற்கெனவே வெள்ளைத் தாளும் பேனாவுமாகத் தயார். ஏட்டம்மா கால்மாட்டில். புருஷன் தலைமாட்டில்.

"டீச்சர்... மூணு வாரத்துக்கு முன்னாடி உங்க நெத்தியில அடிபட்டுச்சே. பாத்ரூம்னு சொன்னீங்களாம். நான் அந்தப் பாத்ரூமைப் பார்த்தேன்..."

"மாட்டிக்கிட்டாரு," என்றார் ஏட்டம்மா.

"...அங்க விழ முடியாது. பயப்படாம சொல்லுங்க. யார் அடிச்சது?"

க்ளச் டீச்சரின் முகம் சிவந்தது. புருஷனைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

"யாரும் அடிக்கல சார். நானேதான்... ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தேன்."

"நீயா?" அக்கா அலறினார். "நீ... விழுந்தியா?"

"கத்தாதேக்கா! அதனாலதான் சொல்லல! ஆயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தவ, பல்பு வாங்கப் போய் கீழ விழுந்தேன்னு வெளியில தெரிஞ்சா, என் ஸ்கூலுக்கு எவ வருவா? ரெண்டு தெருதானேன்னு ஹெல்மெட் கூடப் போடல. அது அதைவிட அசிங்கம்!"

"மஞ்சள் பெயிண்ட்?" இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு வளைவு இருக்கு சார். அது திரும்பின உடனே, நட்டநடு ரோட்டுல, யாரோ ஒரு இரும்புத் தடுப்பை நிறுத்தி வெச்சிருந்தாங்க. ஒரு விளக்கு இல்ல. மினுக்கற ஸ்டிக்கர் இல்ல. பக்கத்துல ஆளே இல்ல! பிரேக் பிடிக்கறதுக்குள்ள நெத்தி போய் அதுல மோதிருச்சு. யாராவது பார்த்துடுவாங்களேன்னு, விழுந்த தடுப்பை நானே தூக்கி நிறுத்திட்டு ஓடி வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டரின் ரத்தம் கொதித்தது. ஐந்து நாளாக அடக்கி வைத்த கோபம் போய் உட்கார ஒரு இடம் கிடைத்துவிட்டது!

"வளைவுல தடுப்பா? எந்த மடையன் வெச்சான்? ஒரு பொம்பளையோட மண்டை ஓடு உடைஞ்சு, மூளைக் காய்ச்சல் வந்து, காது போயி... அவன் எவனா இருந்தாலும் சரி, எந்த டிபார்ட்மெண்டா இருந்தாலும் சரி, நான் விடப் போறதில்ல! மேடம், புகாரை எழுதுங்க! டீச்சர், அந்தத் தடுப்புல ஏதாவது பேரு, அடையாளம்... ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு சார். மூக்குக்கு நேராத்தானே இருந்துச்சு! 'உங்கள் பாதுகாப்பே எங்கள் கடமை'ன்னு எழுதி... அதுக்குக் கீழ உங்க ஸ்டேஷன் பேரு!"



தலைமாட்டு மெஷின்கூட ஒரு பீப்பைத் தவறவிட்ட மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் மெதுவாக ஏட்டம்மா பக்கம் திரும்பினார்.

"ஏட்டம்மா... தண்ணி டேங்க் வளைவுல யாரு..."

"ஹெல்மெட் போடாதவங்க தூரத்துலயே தடுப்பைப் பார்த்துட்டுத் திரும்பி ஓடிடறாங்க, வளைவுக்கு அப்புறம் வெச்சா தப்பிக்கவே முடியாதுன்னு, போன மாசம் உத்தரவு போட்டீங்களே சார்," என்றார் ஏட்டம்மா, சாட்சிக் கூண்டில் நிற்பவர்போல. "வளைவுல வேண்டாம் சார்னு நான் சொன்னேன். 'இது என் மூளையில உதிச்ச யோசனை ஏட்டம்மா'ன்னீங்க."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய தோள்கள் குலுங்கின.

இன்ஸ்பெக்டர் வாக்கி டாக்கியை எடுத்தார். "கன்ட்ரோல்... தண்ணி டேங்க் வளைவுல இருக்கற தடுப்பை இந்த நிமிஷமே தூக்கு. ஆமா, இப்பவே. நான்தான் சொல்றேன். வெக்கச் சொன்னதும் நான்தான்!"

வாக்கி டாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினார். கைகளைக் கட்டிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"என்ன சார் நிக்கறீங்க?" க்ளச் டீச்சரின் குரல் வார்டு முழுக்க அதிர்ந்தது. "எனக்குக் கேட்கலையா, நீங்க பேசலையா?"

அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பேனாவைத் தாளில் ஊன்றினார்.

"தேதி போட்டாச்சு. 'என் தங்கையின் மண்டை உடையக் காரணமானவர்'னு போட்டாச்சு. எதிரியோட பேரு மட்டும்தான் பாக்கி. என்னன்னு எழுதறது?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். நெஞ்சை நிமிர்த்தினார். விறைப்பாக அட்டென்ஷனில் நின்றார்.

"பிழையில்லாம எழுதிக்குங்க மேடம்... இனிஷியலோட சொல்றேன்!"